நாற்பது நிமிடச் சூடு

இருபத்திரண்டு பஸ்கள் நிற்கும் அந்த டிப்போவில் மேனேஜர் என்று ஒருவர் உண்டு. அவர் சொல்லை யாரும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. சீனியர் சொன்னால்தான் அங்கே துரும்பும் அசையும். சீனியர் என்பது கம்பெனி கொடுத்த பதவி அல்ல. பதினான்காம் நம்பர் பஸ், முப்பது வருட அனுபவம், காதோரம் நரை, வயிற்றோரம் தொப்பை, சட்டைப் பையில் நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை, எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லும் பழக்கம், இவ்வளவும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு வேறு வழியில்லை, சீனியர் என்று கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

அவர் போட்ட சட்டங்களில் தலையாயது நாற்பது நிமிடச் சூடு. காலை ஆறு மணிக்கு அவர் தன் வண்டியின் சாவியைத் திருப்புவார். உடனே, ஒருவரைத் தவிர, மற்றவர்களும் திருப்புவார்கள். வண்டிகள் உறுமிக்கொண்டே நிற்கும். டிரைவர்கள் இறங்கி வந்து டீக்கடை பெஞ்சில் அவரைச் சுற்றி உட்காருவார்கள். ஆறு நாற்பது வரை வண்டியைத் தொடக்கூடாது. இன்ஜினுக்கு உடம்பு சூடாக வேண்டும், குளிரக் குளிர ஓட்டினால் ஆயுசு குறையும் என்பது சீனியரின் வாக்கு. புதிதாக வரும் டிரைவருக்கு டிப்போவில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது அதற்கு அப்புறம்.

இந்தச் சட்டம் எப்படிப் பிறந்தது என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அது சீனியர். தெரிந்த நாளிலிருந்து அவர் வாயைத் திறந்ததில்லை.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவரிடம் ஒரு கிழட்டு பஸ் இருந்தது. ஒரு நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது கல் குவியலில் ஏற்றிவிட்டார். அடியில் ஓடும் பிரேக்குக் காற்றுக்குழாய் உராய்ந்து கீறல் விட்டது. பெரிய பஸ்ஸுக்குக் காற்றில்தான் பிரேக். இன்ஜின் ஓடினால் டேங்கில் காற்று ஏறும், மீட்டரில் முள் பச்சைக் கோட்டைத் தாண்டினால்தான் வண்டியை நகர்த்தலாம். நல்ல வண்டிக்கு நாலு நிமிடம், ஐந்து நிமிடம் போதும். இவர் வண்டிக்கோ ஏறுகிற காற்றில் பாதி கீறல் வழியே போய்க்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் பிடித்தது. சொல்லிச் சரிசெய்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் விபத்தில்லா ஓட்டுநர் என்று அவர் நெஞ்சில் ஒரு பதக்கத்தைக் குத்தியிருந்தார்கள். குழாயைச் சுற்றி ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று ஒரு புது டிரைவர் வந்து, ஏன் அண்ணே இவ்வளவு நேரம் ஓட விடுகிறீர்கள் என்று கேட்டுத் தொலைத்தார். சீனியர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையில் பிறந்ததுதான் உடம்பு சூடு, ஆயுசு எல்லாம்.

கிழட்டு பஸ் அடுத்த வருடமே உடைக்கப் போய்விட்டது. சட்டம் போகவில்லை. புது பஸ் வந்தது, அதுவும் நாற்பது நிமிடம் நின்றது. நாளாக நாளாக அவருக்கே அது உண்மை போலத் தோன்றிவிட்டது. அதைவிட முக்கியம், அந்த நாற்பது நிமிடம்தான் அவர் நாளில் பொன்னான நேரம். இருபது பேர் சுற்றி உட்கார்ந்து, இரைச்சலுக்கு மேல் தொண்டை கிழியக் கத்தி, அவரிடம் யோசனை கேட்பார்கள். வீட்டில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

வீடு ஒன்றும் தூரமில்லை. பஸ்கள் வரிசையாகப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும் மதில் சுவர் இருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் அவர் மனைவியின் சலவைக்கூடம். இரண்டு வாஷிங் தொட்டி, ஒரு கொதிகலன், முற்றத்தில் எட்டுக் கொடிக் கயிறு, அதற்குப் பின்னால் வீடு. கூட வேலை செய்பவள் சீனியரின் தங்கை. அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாகச் சேர்ந்தால் ஊரே தாங்காது என்பார்கள். இவர்கள் பதினைந்து வருடமாக ஒன்றாகவே இருக்கிறார்கள்.

முன்பு ஒரு விடுதியின் பூப்போட்ட விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பழுப்பு, பச்சை, ஊதா என்று நிறம் நிறமாகப் பூ. அந்தப் பூவுக்குள் எது விழுந்தாலும் அதுவும் ஒரு பூவாகிவிடும். ஆறு மாதத்துக்கு முன்னால் பிரசவ ஆஸ்பத்திரியின் துணி கிடைத்தது. அத்தனையும் வெள்ளை. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. கொடி நிறைய வெள்ளைத் துணி ஆடுவதைப் பார்த்துவிட்டு அன்று இரண்டு தடவை சிரித்தாள். அது அந்த வீட்டில் அதிகம்.

மூன்றாம் மாதம் காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் கரும்புள்ளி வந்தது. கடுகளவு கூட இருக்காது. தட்டினால் போகாது, தேய்த்தால் எண்ணெய் மாதிரி நீளமாக இழுக்கும். திரும்பத் துவைத்துத் திரும்பக் காயப்போட்டால் புதிதாக நாலு புள்ளி. முதலில் கொதிகலனைச் சந்தேகப்பட்டாள். அப்புறம் சோப்பை, அப்புறம் காக்காயை. கடைசியில் ஒரு நாள் காலை துணியைப் பிடித்துக்கொண்டே கொடிக்கடியில் நின்று, மதிலுக்கு மேலே அத்தனை வண்டிப் புகையும் சேர்ந்து ஒரே புகையாக எழுந்து சாவகாசமாகத் தன் முற்றத்தில் இறங்குவதைப் பார்த்தாள். பதினைந்து வருடமாகத் தலைக்கு மேலே நடந்ததுதான். வெள்ளை வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் நேரில் வந்துவிட்டார். பதினொரு விரிப்புகளைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கிற துணிம்மா இது” என்றார். அடுத்த திங்கட்கிழமைத் துணியில் ஒரு புள்ளி இருந்தாலும் வேலை மெஷின் சலவைக்காரர்களுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். விடுதி வேலையை விட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியும் போனால் தொட்டி இரண்டிலும் செடி வைக்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் சீனியர் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் புள்ளி விழுந்த விரிப்பு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். அவள் பார்க்க வைத்தாள். திங்கள்வரைக்காவது வண்டிகளைக் காலையில் உறும விடாமல் இருக்கக் கூடாதா என்று கேட்டாள். சீனியர் இன்ஜின், ஆயுசு, உடம்பு சூடு என்று முழு உபன்யாசமும் செய்தார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “டீ குடிக்கணும்னா குடிங்க. அதுக்கு வண்டியும் கூட நின்னு குடிக்கணுமா?” என்றாள். அவருக்கு அன்று இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் முப்பது வருடம் கவிழ்ந்துவிடும் என்று பயந்தார். பயந்தார் என்பதுதான் சரியான வார்த்தை. மனிதர் நல்லவர், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கோழை.

கோழைகளுக்கு யோசனைகளுக்குக் குறைவே இருக்காது. வியாழக்கிழமை அவர் ஒரு யோசனை சொன்னார். வண்டிகளைத் திருப்பி நிறுத்தினால் என்ன? மூக்கு மதிலைப் பார்க்கட்டும், பின்பக்கம் இந்தப் பக்கம் இருக்கட்டும். புகை சலவைக்கூடத்துக்குப் போகாது. ஆகா என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சீனியர் மூளையே மூளை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வண்டிகள் எல்லாம் டீக்கடையைப் பார்த்துப் புகை விட்டன. ஆறு ஐந்துக்கு டீயின் மேல் ஒரு படலம் மிதந்தது. ஆறு பத்துக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆறே காலுக்கு மேனேஜர் தன் அறையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். வழுக்கையில் கையால் தடவினார், கை கறுப்பாக வந்தது. வண்டிகளைப் பழையபடி திருப்பு என்று கத்தினார். அவர் உத்தியோக வாழ்க்கையில் உடனே நிறைவேறிய முதல் உத்தரவு அது. எல்லோரும் இருமிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்கள். இன்ஜினை நிறுத்தலாமே என்பது மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. பழக்கம் அப்படி.

இதற்குள் மனைவி தன் பாட்டுக்கு ஒரு வேலையைத் தொடங்கியிருந்தாள். சலவைக்கு வரும் துணி கலந்துவிடாமல் இருக்க மூலையில் சிவப்பு நூலால் குறி போடுவது அவள் தொழில் வழக்கம். ஒரு பழைய விரிப்பை இருபத்திரண்டு சதுரமாக வெட்டினாள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பஸ்ஸின் நம்பரைத் தைத்தாள். டிப்போ மெக்கானிக் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அக்கா சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. வெள்ளிக்கிழமை வண்டிகள் மறுபடி மதிலுக்கு முதுகு காட்டி நின்றதும், ஒவ்வொரு புகைக்குழாய்க்கும் நேரே மதிலில் அந்தந்த நம்பர் துணியை ஆணியில் மாட்டிவிட்டான். யாராவது கேட்டால் ஏதோ அளவெடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டான். பொய்யில்லை. சனிக்கிழமைக் காலைச் சூடும் முடிந்து வண்டிகள் கிளம்பிய பிறகு கழற்றிக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் ஷிப்டு முடிந்து டிரைவர்கள் இறங்கியபோது மெக்கானிக், அக்கா எல்லோரையும் வரச் சொன்னாள் என்றான். சீனியரின் மனைவி கூப்பிட்டால் போகாமல் முடியுமா? மதிலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முற்றத்தில் ஒரே ஒரு கொடி. அதில் வெளுப்பிலிருந்து கறுப்புக்கு வரிசையாகத் துணிகள்.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. நம்பரைப் பார்த்ததும் பொறி தட்டியது. அப்புறம் அங்கே பரீட்சை ரிசல்ட் பார்க்கும் கூட்டம்தான். ஒன்பதாம் நம்பர்காரர் தன்னைவிட இன்னும் ஆறு பேர் கறுப்பு என்று சந்தோஷப்பட்டார். பதினேழாம் நம்பர்காரர் தன் துணியை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு நின்றார். எல்லாவற்றிலும் வெளுப்பாக, கிட்டத்தட்ட வெள்ளையாகவே, முதலில் தொங்கியது ஏழாம் நம்பர்.

ஏழாம் நம்பர்காரருக்கு டிப்போவில் ‘லேட்டு’ என்று பெயர். தினமும் எல்லோரும் கிளம்பும் நேரத்துக்குத்தான் ஓடி வருவார். பொத்தான் போட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்புவார். முள் பச்சைக்கு வந்ததும் போய்விடுவார். இன்ஜினைக் கொல்கிறான் பாவி என்று சீனியர் அவரைக் காட்டித்தான் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவார். அந்த இன்ஜின் பதினொரு வருடமாகச் சாகவில்லை என்பதை அதுவரை யாரும் கவனித்ததில்லை. இப்போது ஒவ்வொருவராகக் கவனித்தார்கள். லேட்டு மட்டும் எதையும் கவனிக்காமல் தன் துணியையே பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அவர் முதலாவதாக வந்தது அன்றைக்குத்தான்.

கறுப்பு முனையில் கடைசியாகத் தொங்கியது பதினான்கு.  எல்லோர் கண்ணும் அதன்மேல் விழும் முன்னால் சீனியர் அவசரமாக அடுத்ததைக் காட்டினார். பதினான்குக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, இன்னொரு சின்னத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் நம்பர் இல்லை. நடுவில் கருஞ்சாம்பல் கறை.

“இது எந்த வண்டி?” என்று அதிகாரமாகக் கேட்டார்.

“அது வண்டி இல்லைங்க. உங்க கைக்குட்டை. நேத்து ஒரு நாள் நீங்க இருமித் துடைச்சது” என்றாள் மனைவி. பிறகு யாரையும் பார்க்காமல், “இத்தனை வருஷமா இவரு ஒளிஞ்சு சிகரெட்டு பிடிக்கிறாருன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். தினமும் சட்டைப் பையை மோந்து பார்ப்பேன்” என்றாள்.

டிரைவர்கள் சிரிப்பதற்காக வாயைத் திறந்தார்கள். திறந்த வாயோடு கை தன்னிச்சையாகத் தங்கள் சட்டைப் பைக்குப் போயிற்று. ஒருவர் தன் கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைப் பிரிக்காமலே உள்ளே வைத்துக்கொண்டார்.

சீனியர் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. அவர் சொன்ன பொய் இன்ஜினுக்குள்ளேயே இருந்திருந்தால் பரவாயில்லை. அது அவர் நெஞ்சுக்குள் போய், அவள் துணியில் விழுந்து, பிறந்த குழந்தையின் படுக்கைவரை போயிருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

“நாப்பது நிமிஷம்னு ஒண்ணு கிடையாதுப்பா. அது நான் சொன்ன பொய்” என்றார். கல் குவியல், கீறல், ரப்பர் பட்டை, நெஞ்சிலே குத்திய பதக்கம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

யாரும் நம்பவில்லை.

வீட்டில் சோறு நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஒருவர் இன்னொருவரிடம் முணுமுணுத்தார். பாவம், அக்காவுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்றார் ஒன்பதாம் நம்பர். சீனியர் மனசே மனசு என்று ஒரு குரல் வந்தது. பதினேழாம் நம்பர்காரர் அவர் தோளில் கை போட்டு, குடும்பம் என்றால் அப்படித்தான், நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம், ஆனால் இன்ஜின் விஷயத்தில் விளையாட முடியுமா என்று ஆறுதல் சொன்னார். பதினைந்து வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். ஊன்றியவரே வந்து பிடுங்கினாலும் வரமாட்டேன் என்றது. சீனியருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மனைவி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பிவிட்டாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. 

“மாமா, ஷெட்டுல ஒரு வண்டி மூணு நாளா சும்மா கிடக்கு. இன்ஜின் ஐஸ் கட்டி மாதிரி இருக்கு. டேங்க்ல சொட்டுக் காத்து இல்ல. வாங்க” என்றான் மெக்கானிக்.

கூட்டம் அப்படியே ஷெட்டுக்கு நகர்ந்தது. சீனியர் டிரைவர் சீட்டில் ஏறினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பதினேழாம் நம்பரிடம் கொடுத்தார். அவர்தான் நம்பாதவர்களில் முதல் ஆள். சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, கத்தியது, பிறகு சீராக ஓடியது. காற்று ஏறும்வரை கதறும் பஸ்ஸர் கதறிற்று. எல்லோரும் ஜன்னல் வழியே தலையை விட்டு முள்ளையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். முள் கொஞ்சம் அசைந்தது. அப்புறம் எழுந்தது. பச்சைக் கோட்டைத் தாண்டியது. பஸ்ஸர் நின்றது. பதினேழாம் நம்பர்காரர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. “நாலு நிமிஷம், பத்து செகண்டு” என்றார் ஈனசுரத்தில்.

சீனியர் வண்டியை நகர்த்தி டிப்போவை இரண்டு சுற்றுச் சுற்றினார். மூன்று இடத்தில் பிரேக் போட்டார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது.  அவர் இறங்கியதும் லேட்டுதான், “அப்போ பதினோரு வருஷமா நான் பண்ணினதுதான் சரியா?” என்று கேட்டார்.  சிலர் சிரித்தார்கள். சிலர், முக்கியமாக அதிகாலையில் தூக்கத்தை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், சீனியரை முறைத்தார்கள். ஒருவர் பதினைந்து வருடத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கப் பார்த்துப் பாதியில் விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் சீனியர் என்ற பெயர் போய் ‘நாலு நிமிஷம்’ என்ற பெயர் வந்துவிட்டது. அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் டீ பெஞ்சை விட யாருக்கும் மனமில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு ஆயிற்று. வழக்கம்போல ஆறு மணிக்கு வருவது, டீ குடிப்பது, ஆறு முப்பத்தைந்துக்கு வண்டியைக் கிளப்புவது, நாற்பதுக்குப் போவது. ஞாயிற்றுக்கிழமை டிப்போவுக்கு விடுமுறை. திங்கட்கிழமை முதல் நாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைமை நர்ஸ் வந்து, ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, மறு பக்கம் திருப்பிப் பார்த்து, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் வேனில் ஏற்றச் சொன்னார். வேன் கிளம்பும்போது, நாளைக்கு இன்னும் இருபது அதிகம் வரும் என்றார். அது பிறகு நடந்தது. இங்கே சொல்ல வேண்டியது அன்று காலை ஆறேகாலுக்கு நடந்தது.

ஆறு மணிக்கு எல்லோரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். லேட்டுகூட வந்துவிட்டார், கௌரவம் வந்த பிறகு தாமதமாக வருவது அழகில்லை என்று. வண்டிகள் சும்மா நின்றன. என்னவோ வெறிச்சென்று இருந்தது. ஒன்பதாம் நம்பர்காரர் வாயைத் திறந்து, “டீ ஒண்ணு சூடா” என்று பழக்க தோஷத்தில் கத்தினார். டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாஸைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற மாதிரி குசுகுசுவென்று பேசினார்கள். மெல்லப் பேசத் தெரியாததால் சீக்கிரமே பேச்சு நின்றுபோயிற்று.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. துணியை உதறும் சத்தம், கூடவே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தெளிவாக, சீனியரின் மனைவி.

“உங்க அண்ணன் இருக்காரே, அவரு டிப்போவுலதான் பெரிய ஆளு. வீட்டுல அவரு செருப்பு எங்க கிடக்குன்னு அவருக்கே தெரியாது. நான்தான் தேடித் தரணும்.”

தங்கை, அது அம்மா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான் என்றாள்.

பெஞ்சில் சிரிப்புக் கிளம்பியது. மெக்கானிக் டீ கிளாஸுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். பதினைந்து வருடமாக அவள் கொடிக்கடியில் நின்று இரைச்சலை நம்பி உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதும், அன்றைக்கு இரைச்சல் இல்லை என்பது துணி காயப்போடும் வேகத்தில் அவளுக்கு உறைக்கவில்லை என்பதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சீனியர் அசடு வழிய உட்கார்ந்திருந்தார். அவர் குறட்டை வந்தது. அவர் தொப்பை வந்தது. சட்டையை இன்னும் உள்பக்கம் வெளியே திருப்பிக் கழற்றிப் போடுவது வந்தது. ஒவ்வொன்றுக்கும் இருபத்தோரு பேரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

பிறகு உதறும் சத்தம் நின்றது.

“ராத்திரி இருமுறாரு” என்றாள். “நான் தூங்கற மாதிரி படுத்துக்கிட்டு எண்ணுவேன். முந்தாநாளு நாப்பத்தாறு. இருமல் நின்னாதான் இன்னும் பயம். மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட கையை வச்சுப் பாத்துட்டுதான் கண்ணை மூடுவேன். அவருக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு. ஆஸ்பத்திரி வேலை போனா போகட்டும்னு கூட இருக்கு எனக்கு.”

பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. லேட்டு காலி கிளாஸையே குடித்துக்கொண்டிருந்தார். யாரும் சீனியரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக வண்டிகளின் டயர்களைப் பார்த்தார்கள்.

சீனியர் எழுந்தார். இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து மதில் அருகே போனார். ஆணி அடித்த இடங்கள் இன்னும் இருந்தன. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, தொண்டையைச் செருமி, “ஏம்மா, கேக்குது” என்றார்.

 அந்தப் பக்கம் ஒரு கிளிப் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

“எதுவரைக்கும் கேட்டீங்க?”

“செருப்புலேருந்து.”

சீனியர் மதிலோடு இன்னும் ஒட்டி நின்றார். “எத்தனை நாளா இதையெல்லாம் பேசிக்கிட்டிருக்கே?” என்று கேட்டார்.

“தினமும்தான் பேசறேன். இன்னிக்கா புதுசா?” என்றாள் அவள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. “சரி, போங்க. வண்டியக் கிளப்பற நேரம்.”

சீனியர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். ஆறு பதினெட்டு.

“இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு” என்றார். “பேசு.”